ஈ காக்கா இல்லாத வாசல்

அந்த ஆலயத்தின் முகப்பைப் படமெடுக்க வேண்டுமென்றால் முதலில் காலில் வலு வேண்டும், அப்புறம் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு வேண்டும், கடைசியாகத்தான் கேமரா. எதிர்ச்சாரி நடைபாதையில் ஒரு மின்கம்பத்துக்கும் ஒரு குப்பைத்தொட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டு. அங்கே நின்றால்தான் இரண்டு கோபுரங்களும் நடுவிலுள்ள குவிமாடமும் ஒரு படத்துக்குள் அடங்கும். ஓரடி பின்னால் போனால் சாக்கடை, ஓரடி முன்னால் வந்தால் பஸ். அந்த இடத்தில்தான் வருஷத்துக்கு ஒருமுறை, காலை வெயில் கோபுரத்தின் மேல் விழுந்ததிலிருந்து அது குவிமாடத்தைத் தாண்டுகிற வரைக்கும், ஒரு மனிதர் கால் கடுக்க நின்றுகொண்டிருப்பார்.

தெருவில் அவருக்கு ஸ்டாண்டு அண்ணன் என்று பெயர். தோளில் எப்போதும் கேமரா ஸ்டாண்டு தொங்கும், அதனால் வந்தது. அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்கே சில சமயம் அந்நியமாகத்தான் படும். அறுபதைத் தொடப்போகிற வயது, இரண்டு முழங்காலும் மாறி மாறித் தகராறு செய்யும், கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, பேச்சு வந்தபோதெல்லாம் "அப்புறம் பாக்கலாம்" என்றே தள்ளிப்போட்டுப் பழகிவிட்டார் என்று சொல்வதுதான் சரி. ஓட்டல் அறைகள், ஆஸ்பத்திரிக் கட்டடங்கள், கட்டி முடித்த வீடுகள், இவற்றைப் படமெடுத்துக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. மனிதர்களை எடுப்பதில்லை. கட்டடம் கண்ணை மூடாது, சீக்கிரம் எடு என்று அவசரப்படுத்தாது, படத்தில் குண்டாகத் தெரிகிறேனே என்று சண்டைக்கும் வராது. மனுஷ முகங்களைப் பார்த்தாலே அவருக்கு ஓர் அலுப்பு.

ஆலய வேலை அவருக்குக் கிடைத்தது அக்காவால். இடப்பக்கக் கோபுரத்தின் அடியில், சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிற மூலையில், சக்கரம் வைத்த தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பவள் அவருடைய அக்கா. பை, பெட்டி, ஜாக்கெட், எதுவானாலும் ஜிப் போனால் அவளிடம்தான் வர வேண்டும். ஜிப்பக்கா என்றால் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். புருஷன் போன கையோடு மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்தவள், அதன் பிறகு அந்த மூலையை விட்டு நகரவில்லை. ஆலய நிர்வாகத்தின் செயலாளருக்கு ஒருநாள் கைப்பை ஜிப் வாயைப் பிளந்துகொண்டது. அவள் தைத்துக்கொடுத்தபடியே, "எங்க தம்பி கட்டடம்னா உசுரோட கொண்டு வந்துருவான் சார்" என்று ஒரு போடு போட்டாள். அடுத்த வருஷத்துக் காலண்டருக்குப் படமெடுக்கும் வேலை அவருக்கு வந்துவிட்டது.

செயலாளர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"கல்லு மட்டும் தெரியணும். வாசல்ல ஈ காக்கா இருக்கக் கூடாது. சந்தைக்கடை படத்தை எவன் மாட்டுவான்?"

சொல்லிவிட்டார் மகராசன். அந்தத் தெருவிலோ விடிந்ததிலிருந்து எள் விழ இடம் இருக்காது. நடந்து போகிறவர்களும் வண்டிகளும் ஒரு பிரச்சினையே இல்லை. ஸ்டாண்டை அசைக்காமல் ஒரே இடத்திலிருந்து நிறையப் படங்கள் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், நகர்கிறதெல்லாம் மறைந்துவிடும், நகராத கல் மட்டும் மிஞ்சும். சிக்கல், நகராமல் உட்கார்ந்திருக்கிறவர்களால்தான். பழவண்டிக்காரர், சாவிக்காரர், கண்ணாடி விற்கிறவர், பெல்ட் கடைக்காரம்மா, அப்புறம் அக்கா.

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு எதிர்ச்சாரியிலிருந்து கையை உயர்த்துவார். உடனே இடப்பக்கம் இருப்பவர்கள் எழுந்து, கடையோடு வலப்பக்கம் போய் நெருக்கி நின்றுகொள்வார்கள். காலியான இடப்பாதியை எடுத்துக்கொள்வார். மறுபடி கையை உயர்த்தினால் எல்லோரும் இடப்பக்கம் வந்துவிடுவார்கள், வலப்பாதியை எடுப்பார். பிறகு இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட வேண்டியதுதான். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "நீயும் என் தொழிலுக்கே வந்துட்டியாடா" என்று சிரித்தாள்.

தொடக்கத்தில் ஒரே ரகளை. பழவண்டி பெல்ட் கடையை இடிக்கும், சாவிக்காரரின் பெட்டி கவிழும், நடுவில் எவனாவது ஜிப் தைக்க வந்து நிற்பான். போகப்போக அவரவருக்கு அவரவர் இடம் பழகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை என்றுதான் பேர். ஆனால் மூடியிருந்த மேகம் கலையாவிட்டால் மறுநாளும் வருவார், கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் அதற்கொரு முறை வருவார், புத்தகம் போடுகிறோம் என்று நிர்வாகம் சொன்னால் வாரக்கணக்கில் வருவார். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஜிப்பக்கா தம்பி வேலையாயிற்றே.

அக்கா மட்டும் சமீப காலமாக முனகத் தொடங்கியிருந்தாள். மிஷின் பழைய இரும்பு, சக்கரத்தில் ஒன்று திரும்பாது. அதைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். 

"ஏன்டா, என்னை அப்படியே வெச்சு எடுத்தா என்னடா? உங்க கோபுரம் கோவிச்சுக்குமா?"

"செயலாளர் ஒத்துக்க மாட்டாருக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோ, பத்து நிமிஷம்."

"உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா" என்பாள். ஆனாலும் எழுந்துவிடுவாள்.

இருவரும் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். கீழே மிஷின் ஓடினால் மேலே டம்ளர் அதிரும். முன்னறை அவருடையது, கம்ப்யூட்டரும் கட்டிலும் போக நடக்க இடமிருக்காது. உள்ளறையில் அக்காவின் பாயும், பெட்டி பெட்டியாக ஜிப்பும். சமையலறைச் சுவரில் ஆலயக் காலண்டர் தொங்கும். அதிகாலை வெளிச்சம், சுத்தமான படிகள், மழை கழுவியது போன்ற தெரு. ஒரு ஜீவன் கிடையாது. அக்கா பால் பொங்குகிற வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "நல்லாத்தான் இருக்கு. ஊரையே காலி பண்ணிட்டு எங்கடா அனுப்பின?" என்று ஒருநாள் கேட்டாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. அன்றைக்கு எடுத்த துண்டுப் படங்களை அழித்துக்கொண்டிருந்தார். சேர்த்துத் தைத்த பிறகு அவை எதற்கு? சும்மா இடத்தை அடைக்கும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நகராட்சி அந்தத் தெருவில் கைவைத்தது. நடைபாதையை அகலப்படுத்தி, ஆலய வாசலைக் காலி செய்து, பக்கத்துச் சந்தில் சின்னச் சின்னக் கடைகள் கட்டித் தரப்போகிறார்களாம். நல்ல சேதிதான். ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே தொழில் செய்தவர்களுக்கு மட்டும்தான் கடை, மற்றவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பத்து வருஷமாக இங்கேதான் இருக்கிறேன் என்று தெருவில் உட்கார்ந்திருப்பவன் எதைக் காட்டுவான்? சாவிக்காரர் மகனுடைய போனிலிருந்த படங்களைக் கொண்டுபோனார். அவை போன வருஷத்தவை. போன வருஷம் இருந்ததை யாரும் மறுக்கவில்லையே.

நகராட்சி விசாரணைக்குப் போன அன்று அக்கா வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, என்ன சொன்னாங்க?"

"உன் செயலாளர் வந்திருந்தாரு. கை நிறையப் பழைய காலண்டர், பத்து வருஷத்துது. ஒவ்வொண்ணா மேஜை மேல விரிச்சாரு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி பாருங்க, அதுக்கும் முந்தி பாருங்க, வாசல்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. இவங்கல்லாம் நேத்து முளைச்ச காளானாம்."

ஸ்டாண்டு அண்ணன் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தைச் சொல்ல? படத்தைப் பாத்தேன். என் மூலையும் இருக்கு, சுவத்துல நான் எண்ணெய்த் தலைய சாச்சு சாச்சு விழுந்த கறைகூட இருக்கு. நான்தான் இல்ல." செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "இனிமே மிஷினைத் தள்ளிக்கிட்டு வேற தெரு தேட என் இடுப்புல தெம்பு இல்லடா. கடை கிடைக்கலன்னா அவ்வளவுதான். தொழிலை ஏறக்கட்ட வேண்டியதுதான்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. எழுந்து போய் உலை வைத்தாள். இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாக எதைப் பெருமையாக நினைத்தாரோ, ஒட்டுத் தெரியாமல் தைக்கிற அந்தக் கைவேலை, அதுதான் இன்று அக்காவின் வயிற்றில் அடித்திருக்கிறது. கம்ப்யூட்டரைத் திறந்து தேடினார். ஒரு துண்டுப் படமாவது தப்பியிருக்காதா? எல்லாமே துடைத்துவைத்தது போலிருந்தது. அவர் என்றைக்கு வேலையை அரைகுறையாகச் செய்திருக்கிறார்!

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்த பிறகு கூப்பிட்டார்கள். அதிகாரி அம்மாவுக்கும் ஓய்வுபெறுகிற வயதுதான். மேஜையில் ஆறிப்போன டீ, கண்ணுக்குக் கீழே கருவளையம். இவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வாசலில் ஆட்கள் இருந்தார்கள், நான்தான் அவர்களை நகரச் சொல்லி எடுத்தேன், படங்களை ஒட்டியிருக்கிறேன்.

அந்தம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். "நீங்க ஜிப் தைக்கிறவங்களோட தம்பிதானே?"

"ஆமாம்மா."

"அப்ப வேற எப்படிச் சொல்வீங்க? அந்த நகரச் சொன்ன படம், துண்டா எடுத்தது, ஏதாவது இருக்கா?"

"அழிச்சுட்டேம்மா."

அந்தம்மா பெருமூச்சு விட்டார். "நான் உங்களைப் பொய் சொல்றீங்கன்னு சொல்லல. ஆனா அவர் கையில காலண்டர் இருக்கு, உங்க கையில ஒண்ணும் இல்ல. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?" அப்புறம் இரக்கப்பட்டோ, ஆளை அனுப்பிவைக்கவோ, "வெள்ளிக்கிழமை காலையில இடத்தைப் பாக்க வர்றேன். இப்ப யார் யார் எங்க இருக்காங்கன்னு ஒரு படம் எடுத்துக் குடுங்க, ஃபைலுக்கு வேணும். எடுக்கறப்ப நானும் அங்கயே நிக்கிறேன். அப்புறம் ஒட்டினேன் வெட்டினேன்னு வராதீங்க" என்றார்.

வெளியே வந்தபோது செயலாளரிடமிருந்து போன் வந்தது. சேதி அதற்குள் போயிருந்தது. "என்னய்யா, தின்ன வீட்டுக்கே ரெண்டகமா? படத்துல கைவெச்சேன்னு நீயே தண்டோரா போட்டா எங்க புத்தகத்தை எவன் மதிப்பான்? இனிமே கேமராவைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடாதே." இவர் சரி சார் என்றார். சண்டை போடத் தெம்பு இருந்தால்தானே.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கத்தைவிடக் கூட்டம். அதிகாரி அம்மா குடையோடு ஆலயப் படிக்கட்டில் நின்றார், பக்கத்திலேயே காவல் காக்கிறது போலச் செயலாளர். கடைக்காரர்கள் எல்லோரும் தலை வாரி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவரவர் இடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் படத்தால் தங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். போன வருஷம் இருந்தோம், இந்த வருஷமும் இருக்கிறோம், அவ்வளவுதானே அது சொல்லும்.

ஸ்டாண்டு அண்ணன் எதிர்ச்சாரியில் மின்கம்பத்துக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே போய் நின்றார். ஸ்டாண்டை விரித்தார், கேமராவை ஏற்றினார். மனிதர்களை எடுத்துப் பழக்கமில்லை. பாதிப் பேர் கோபுரத்தைப் பார்த்தார்கள், பாதிப் பேர் அதிகாரியைப் பார்த்தார்கள், அக்கா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் இங்கே பாருங்கள் என்று சொல்வதற்காக அவர் கையை உயர்த்தினார்.

இடப்பக்கம் மொத்தமும் எழுந்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பழவண்டிக்காரர் சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லைக் காலால் தட்டிவிட்டு முதலில் கிளம்பினார். அவர் விட்ட வழியில் பெல்ட் கடைக்காரம்மா பெல்ட் தொங்கும் கம்பியோடு நுழைந்தாள். சாவிக்காரர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவே பக்கவாட்டில் போனார். வலப்பக்கம் இருந்த கண்ணாடிக்காரர் யாரும் சொல்லாமலேயே பலகையைச் சாய்த்து இடம் விட்டார். ஒன்றோடொன்று உரசவில்லை, ஒரு பழம் உருளவில்லை. கடைசியாக அக்கா. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, திரும்பாத அந்தச் சக்கரத்தை இழுத்து இழுத்து, மிஷினை வலக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அய்யோ, உக்காருங்க! எங்க போறீங்க! உக்காருங்க!" இவர் கத்துகிறார், நடுவில் பஸ் நிற்கிறது. பஸ் நகர்ந்தபோது இடப்பாதி வெறிச்சோடிக் கிடந்தது. சுத்தமான படிகள், மூலை, சுவரில் எண்ணெய்க் கறை. அப்படியே காலண்டர்.

அதிகாரி அம்மா குடையை மடக்கினார். காலியான பக்கத்தைப் பார்த்தார், நெருக்கியடித்து நிற்கிற பக்கத்தைப் பார்த்தார். ஸ்டாண்டு அண்ணன் வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டிக் காட்டி, முழங்காலை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்து சேர்ந்தபோது, அந்தம்மா சாவிக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யார் சொல்லி எல்லாரும் எந்திரிச்சீங்க?"

சாவிக்காரருக்கு அப்போதுதான் தான் நிற்கிற இடமே உறைத்தது. பெட்டி இன்னும் தலைக்கு மேல் இருந்தது. "யாரும் சொல்லலம்மா. அவரு கையைத் தூக்கினாரு... நாங்க பாட்டுக்கு..." என்று அசடு வழிந்தார்.

"இது ஒத்திகை பாத்து வெச்ச நாடகம் மேடம்" என்றார் செயலாளர்.

"நாடகம்னா நடுவுல ஒருத்தராவது என்னைத் திரும்பிப் பாத்திருப்பாங்க சார். என்ன நெனைக்கிறேன்னு பாக்க" என்றார் அந்தம்மா. குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "நீங்களும் இதை வருஷா வருஷம் இந்தப் படியில நின்னு பாத்திருக்கீங்க இல்ல?"

செயலாளர் குவிமாடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒவ்வொருத்தரா வந்து உங்க இடம் எதுன்னு காட்டுங்க. கடை லிஸ்டுல நான் எழுதிக்கிறேன்" என்றார் அதிகாரி அம்மா. தெரு ஒரு கணம் புரியாமல் நின்றது, பிறகு பழவண்டிக்காரர் ஓவென்று கத்திவிட்டார். பெல்ட் கடைக்காரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அக்காவுக்கு இதெதுவும் காதில் விழவில்லை. வலக்கோடியில், பஸ் நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றிருந்தாள். தம்பி வருவதைப் பார்த்ததும் பதறிப்போய் மறுபடி மிஷினில் கைவைத்தாள்.

"ஏன்டா வந்துட்ட? இன்னும் படத்துல விழறேனா? தள்ளிக்கவா?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், அத்தனை பேருக்கு முன்னால், சின்னப் பையனைப் போல அழுதார். அக்கா மிரண்டுபோனாள். "டேய், என்னடா, என்ன ஆச்சு? கடை இல்லன்னுட்டாங்களா?"

"கடை உண்டுக்கா. நீ நகரு, நான் கொண்டு வர்றேன்."

மிஷினின் கைப்பிடியை அவளிடமிருந்து வாங்கினார். இத்தனை வருஷத்தில் அதைத் தொட்டுத் தள்ளியதில்லை, எதிர்ச்சாரியில் நின்று கைதான் காட்டியிருக்கிறார். தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. இன்னும் பலம் கொடுத்துத் தள்ளியபோது கோணலாக இழுத்துக்கொண்டு ஓடியது. அந்த மூலைக்குப் போவதற்குள் அவருக்கே வியர்த்துக் கொட்டிவிட்டது. இதையா இவள் இந்த இடுப்போடு போகவும் வரவும் தள்ளினாள்? ஒருநாளாவது முடியாது போடா என்று சொல்லியிருக்கக் கூடாதா?

ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைத்துவிட்டு மறுபடி தெருவைக் கடந்தார். மற்றவர்களும் அவரவர் இடத்துக்கு வந்துவிட்டார்கள். இந்த முறை அவர் கையை உயர்த்தவில்லை. இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, கேமராவை ஆட்கள் இருக்கிற மட்டத்துக்குத் தாழ்த்திக் கண்ணை வைத்தார். கோபுரம் பாதி வெட்டுப்பட்டது, குவிமாடம் படத்துக்குள் வரவே இல்லை. பஸ் ஒன்று வந்து மறைத்தது, போனது. அக்கா எழலாமா வேண்டாமா என்று தெரியாமல், மிஷினில் ஒரு கையும் முழங்காலில் ஒரு கையுமாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையாதக்கா" என்று அவர் தெருவைத் தாண்டிக் கத்தினார். "அங்கயே இரு."